நான்காம் கட்டத்தின் கடல்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
தங்கச்சிமடத்து விசைப்படகெல்லாம்
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தன.
நாங்கள் டெல்பின் அக்கா கடையில்
மணிக்கு நாற்பது ரூபாய்க்கு
‘இடிவாள்’ ஆடிக்கொண்டிருந்தோம்.

மூன்று படம் வந்த வரிசை அது.
மூன்றையும் ராமநாதபுரம் போய்
முதல் நாளே பார்த்தவன் லிகோரி.
இந்த விளையாட்டைச் செய்தவன் எவனோ
ஒரு படத்தைக்கூட இடைவேளை தாண்டிப் பார்த்ததில்லை
என்பது அவன் தீர்ப்பு.

நாயகனுக்கு முதலில் மீசை வரும்.
வெறுங்காற்றில் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நிற்கும்.
பிறகுதான் முகம்,
அதற்கும் பிறகு, மனமிருந்தால், கால்.
கதாநாயகி இரண்டு கையையும் விரித்தபடி
சுவருக்குள் பாதியாக நிற்பாள்,
காப்பாற்றி முடித்த பின்னும்
“காப்பாத்துங்க” என்பாள்.
ஒரே தெருவில் பதினேழு ஆட்டோ.
பதினேழையும் ஓட்டுவது ஒரே ஆள்.
“பாத்துப் போ தம்பி” என்று
பதினேழு தடவை அக்கறைப்படுவார்.

இடி முதலில் இடிக்கும்,
மின்னல் ஆற அமரப் பின்னால் வரும்.
கடலில் பாதி ஆயுசைக் கழித்தவர்கள் நாங்கள்.
மற்றதையெல்லாம் மன்னித்தோம்,
இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆனால் அந்த உதை!
ஐஸ் பெட்டி மூடியைக் காற்று தூக்கி அடித்த சத்தம்.
வாங்கியவன் பறப்பான்,
பறந்தவன் இறங்குவதே இல்லை.
மூன்றாம் கட்டம் முடியும்போது
எட்டு அடியாட்கள் வானத்தில்
காரல் மீன்போல மினுங்கிக்கொண்டிருப்பார்கள்.
அந்த ஓர் உதைக்காக
டெல்பின் அக்காவின் கீபோர்டில்
ஓர் எழுத்தையே தேய்த்து அழித்திருந்தோம்.
“சம்பளத்த இங்கயே எறக்குங்கடா” என்பாள்,
என்றாலும் ரெண்டு நிமிஷம் கூடவே விடுவாள்.

நான்காம் கட்டம் கடல்.
தார்ப்பாய் விரித்ததுபோல் ஒரு நீலம்.
அலை கரையிலிருந்து உள்ளே போகும்.
நங்கூரம் மிதக்கும்.
எவ்வளவு ஓட்டினாலும் டீசல் குறையாது.
“இப்படி ஒரு போட்டு கெடச்சா” என்று
லிகோரி சொல்லிக்கொண்டிருக்கையிலேயே
எதிலோ மோதி நின்றது படகு.
முன்னால் ஒன்றுமில்லை. தண்ணீர்தான்.
திரையில் சிவப்பாய் எழுத்து:
எல்லை. திரும்பு.

கடையில் ஒருவரும் பேசவில்லை.
மின்விசிறி மட்டும்.

லிகோரி இடப்பக்கம் போனான், வலப்பக்கம் போனான்,
வேகமெடுத்து வந்து மோதினான்.
எல்லை. திரும்பு.
கடுப்பில் படகைத் திருப்பியவன்
கை தவறிப் பின்கியரை அமுக்க,
படகு பின்னோக்கியே ஊர்ந்து
சுவரைத் தாண்டிவிட்டது.
முதுகு காட்டிப் போகிறவனை
அதற்கு அடையாளம் தெரியவில்லை.

அந்தப் பக்கம் எதையும் செய்துவைக்கவில்லை.
அலை இல்லை, நீலமும் இல்லை.
சாம்பல் வெளியில் படகு,
படகின் மேல் மறுபடியும் மீசை மட்டும்.
லிகோரி உதைத்துப் பார்த்தான்.
உதைக்க ஆள் இல்லை.
பாடு பார்க்கிறவன்போல
கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தான்.
ஒரு கப்பல் வரவில்லை,
விளக்கடிக்கவில்லை,
பெயர் கேட்கவில்லை, அப்பன் பெயர் கேட்கவில்லை.
அந்த விளையாட்டில் இருந்த பிழைகளிலேயே
அதைத்தான் எங்களால் நம்ப முடியவில்லை.

அப்புறம் கரண்டு போயிற்று.
சேமிக்கவில்லை.
நாற்பது ரூபாயும் போயிற்று.

மறுநாளுக்கு மறுநாள் கூண்டை இறக்கினார்கள்.
இரவு இரண்டு மணிக்கு,
தூரத்தில் ஒரு வெள்ளை விளக்கு
நட்சத்திரம் இல்லை என்று எங்களுக்கு உறுதியான நேரத்தில்,
சுக்கானில் நின்ற லிகோரி
கியரில் கை வைத்தபடி என்னைப் பார்த்தான்.
“பின்னாலயே போயிருவமா?”

“பின்னால வலை கெடக்கு” என்றேன்.
“விசிறியில சுத்திக்கிரும்.”